கழித்துக் கட்டிய குரல்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. தில்லி மயூர் விஹாரில் எங்கள் தமிழ் மன்றச் செயலாளரின் வீடு. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் ஓடிபி சொல்கிறவரை எழுந்திருக்க மாட்டேன் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் எதற்கெல்லாமோ தர்ணா நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நானே இருந்தது அந்த ஒன்றுதான். இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவார்களா என்று ஊரிலிருந்து உம்மா கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் என்னைப் பற்றி. எனக்குத் தென்காசிப் பக்கம். படித்தது பி.காம். நொய்டாவில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. திங்கட்கிழமைதோறும் எல்லாக் கிளைகளிலிருந்தும் வரும் எக்செல் ஷீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துச் சேர்த்து எரிச்சல் தாங்காமல், வீடியோ பார்த்து நானாகவே பைத்தான் கற்றுக்கொண்டேன். சின்னச் சின்ன புரோகிராம் எழுதுவேன். ஆபீஸ் ஐ.டி. பிரிவுப் பையன்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் "வீட்டுச் சமையல்". வீட்டுச் சமையல் சாப்பிட்டு யாருக்கும் வயிறு கெட்டதில்லை என்று நானும் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அடுத்து, இந்தக் கதையின் நாயகி. தேனிப் பக்கத்துப் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. குடிமைப் பணித் தேர்வு எழுதுவதற்காக தில்லிக்கு வந்து, ராஜிந்தர் நகரில் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். விருப்பப் பாடம் தமிழ் இலக்கியம். மற்றப் பாடங்களுக்கு இங்கிலீஷில் காதால் கேட்டுப் படிக்க எவ்வளவோ இருந்தது. தமிழ் இலக்கியத்துக்கு அப்படி ஒன்றுமில்லை. போனில் எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி, பழைய உரைநூல்களின் ஸ்கேனைக் கண்டால் வாய்க்கு வந்ததை உளறும். அதனால் எங்கள் மன்றத்தின் பொங்கல் விழாவுக்கு வந்தவள், மேடை முடிந்ததும் மைக்கை வாங்கி நேரடியாகக் கேட்டாள்: யாராவது படித்துப் பதிவு செய்து கொடுங்கள், தப்பாகப் படித்தால் திருப்பி அனுப்புவேன்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே நான் கையைத் தூக்கினேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். ஓய்வுபெற்ற பெரியவர்கள், வீட்டோடு இருக்கும் பெண்கள், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி, நான். அவரவர் வீட்டில் உட்கார்ந்து போனில் பதிவு செய்வோம். எந்த நூல், எந்தப் பக்கம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வாட்ஸ்அப் வழியாக வரும் பதிவுகள் எல்லாம் மன்றத்தின் பெயரில் இருந்த கிளவுட் கணக்கில், டிரைவில் போய்ச் சேரும். அவள் சொன்னபடியே திருப்பியும் அனுப்பினாள். நான் ஒரு சூத்திரத்தைப் பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்துப் படித்ததற்கு மூன்று முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். செயலாளரின் மனைவி, நாங்கள் எல்லோரும் மாமி என்று கூப்பிடுபவர், ஒரு பாட்டுக்கு உரை படிக்கும்போது பின்னால் குக்கர் கூவிக்கொண்டே இருந்திருக்கிறது. "மாமி, சாதம் கொழஞ்சிருக்கும், போய்ப் பாத்துட்டு வந்து மறுபடி படிங்க" என்று பதில் வந்தது. மாமிக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

இப்படி இரண்டரை வருடம் ஓடியது. எங்கள் குரல்களோடு அவளுடைய குரலும் அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு பாடத்தையும் கேட்டு முடித்ததும், தனக்குப் புரிந்ததை, எந்தக் கேள்விக்கு எதை எப்படி எழுதலாம் என்பதைத் தன் குரலில் பதிவு செய்து பக்கத்திலேயே போட்டு வைப்பாள். நாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோமே, அவளுக்கு அதுதான் நோட்டு.

பலமுறை முதல்நிலைத் தேர்விலேயே தடுக்கி விழுந்தவள், அந்த வருடம் தேறினாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முதல்நிலையில் தேறியது அந்த ஒரு வருடத்துக்கு மட்டும்தான் செல்லும். செப்டம்பரில் முதன்மைத் தேர்வு எழுதித் தேறவில்லை என்றால், அடுத்த வருடம் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடி தேறுவோம் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அவள் அப்பா வேறு, இந்தத் தடவை இல்லையென்றால் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார். அவள் மற்றப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு, நன்றாகக் கைவசம் இருக்கும் தமிழைக் கடைசியில் திருப்பிப் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன். அவளிடமிருந்து போன்.

"அக்கா, நம்ம ஃபோல்டரையே காணோம்ங்குது போனு. எதையும் எடம் மாத்துனீங்களா?"

யாரும் எதையும் மாற்றவில்லை என்று சொன்னேன். அவள் போனில் ஏதோ கோளாறாக இருக்கும் என்றேன். கூட்டத்தில் நின்றுகொண்டே என் போனில் திறந்து பார்த்தேன். எனக்கும் காணோம். என் ஸ்டேஷன் வந்து போனதுகூடத் தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன்.

நேராகச் செயலாளர் வீட்டுக்குத்தான் போனேன், ஏனென்றால் அந்தக் கணக்கு அவர் கையில் இருந்தது. அவரை நான் வில்லனாக எழுதப் போவதில்லை. நல்ல மனிதர். மன்றத்துக்காக வெயிலில் அலைகிறவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறவே இல்லை. "அதுவா? கழிச்சேன்" என்றார்.

சர்க்கார் ஆபீஸ்களில் பழைய பைல்களைக் கழிப்பது ஒரு பெரிய சடங்கு. பைலில் கடைசியாக யார் எப்போது குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். வருடக் கணக்கில் யாருமே எதுவும் எழுதவில்லை என்றால் அது செத்த பைல். கட்டிப் போட்டு, மேலதிகாரியின் ஒப்புதல் வந்ததும் அழித்துவிடுவார்கள். மன்றக் கணக்கில் இடம் தீர்ந்துவிட்டது என்று டிரைவ் தினமும் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. மனிதர் அந்தப் பழைய பழக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வருடத்துக்கு மேல் மாற்றம் செய்யப்படாதவற்றை எல்லாம் தேடி எடுத்து மொத்தமாக நீக்கிவிட்டார். பிறகு காலியாகக் கிடந்த ஃபோல்டர்களையும் நீக்கினார். சுத்தமான வேலை.

குரல் பதிவில் யார் என்ன குறிப்பு எழுத முடியும்? போட்டது போட்டபடிதான் இருக்கும். அந்தப் பெண் அவற்றைத் தேய்ந்து போகும் அளவுக்குக் கேட்டிருக்கிறாள். ஆனால் கேட்டதற்கு அடையாளம் எதுவும் அங்கே பதியவில்லை. அதனால் அவருடைய கணக்கில் அவை எல்லாம் செத்த பைல்கள். கடைசி ஒரு வருடத்தில் போட்டவை அந்த ஃபோல்டரில் இருக்கவில்லை, அவற்றை வேறோர் இடத்தில் போட்டிருந்தோம். அவை தப்பின. அடிப்படையான நூல்கள் அத்தனையும், அவளுடைய முதல் ஒன்றரை வருடக் குரல் நோட்டும் போய்விட்டிருந்தன.

நல்லவேளை, நீக்கினாரே தவிர, குப்பைத் தொட்டியைக் காலி செய்யவில்லை. அதற்கு மன்றத் தலைவரின் ஒப்புதல் வேண்டுமாம். தலைவர் கனடாவில் மகள் வீட்டில் இருந்தார். பழைய பழக்கமே கெடுத்தது, அதே பழக்கமே கொஞ்சம் காப்பாற்றியும் வைத்தது. ஆனால் டிரைவின் குப்பைத் தொட்டிக்கு யார் ஒப்புதலும் தேவையில்லை. முப்பது நாள் ஆனால் தானாகவே அழித்துவிடும். அவர் நீக்கியது ஜூலை முதல் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை. கையில் இருந்தது சில நாட்கள்தான்.

"அப்ப உடனே எடுத்துடலாம் சார்" என்றேன். அவரும் சரி என்று தன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அங்கேதான் தெரிந்தது வினை. எங்கள் பதிவுகள் மட்டும் அங்கே தனியாக இல்லை. மன்றத்து விழாப் படங்கள், வீடியோக்கள், யார் போனிலிருந்தோ தானாக வந்து சேர்ந்த குட்மார்னிங் படங்கள், அத்தனையும் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. திரையை உருட்ட உருட்டக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கொஞ்ச தூரம் போனதும் பக்கம் உறைந்து நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. எங்கள் பதிவுகளுக்குப் பெயர் என்று ஒழுங்காக ஒன்றும் கிடையாது. வாட்ஸ்அப் என்ன பெயர் கொடுத்து அனுப்பியதோ அதே பெயர்தான். பெயரைப் பார்த்துப் பொறுக்கவும் வழியில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டு மீட்டால் தீபாவளி தாண்டிவிடும்.

பதிவு செய்தவர்களின் போன்களில் இருக்காதா என்று கேட்பீர்கள். நானும் அன்றிரவே எல்லோரையும் கேட்டேன். அனுப்பி முடித்ததும் இடத்துக்காக அழித்துவிட்டோம் என்றார்கள். நானும்தான் அழித்திருந்தேன். டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை எல்லோருக்கும்.

டிரைவின் உதவி மையத்தில் கேட்டால், தேர்ந்தெடுத்து மீட்டுக்கொள்ளுங்கள் என்று நாங்கள் செய்துகொண்டிருந்ததையே சொன்னார்கள். எங்கள் ஐ.டி. பிரிவில் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, இது வீட்டுச் சமையலில் ஆகிற காரியம் இல்லை, நீ கை வைத்து இருப்பதையும் கெடுத்துக்கொள்ளாதே, போனது போனதுதான் என்றார். மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர், எல்லாம் ஆண்டவன் சித்தம், அந்தப் பெண் அடுத்த வருடம் நிதானமாக எழுதட்டும் என்று கும்பிடு போட்ட படத்தோடு அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வருடம் என்ன அவர் பாக்கெட்டிலா இருக்கிறது, எடுத்துக் கொடுப்பதற்கு?

அவளைக் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அழுவாள் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். அவளோ, "அழிஞ்சு போச்சா, இல்ல அழியப் போகுதா? அதைத் தெளிவாச் சொல்லுங்க" என்றாள். அழியப் போகிறது என்றேன். "அப்ப இன்னும் நம்மகிட்டதான் இருக்கு. ஏங்க்கா இப்பவே எழவு வீட்டுக் குரல்ல பேசுறீங்க?"

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். வெளியிலிருந்து புரோகிராம் மூலம் கேட்டாலும் பதில் சொல்லும் வசதி இந்த டிரைவில் உண்டு. அதாவது, மனிதர் திரையை உருட்டிச் செய்வதை எல்லாம் கோட் எழுதியும் செய்யச் சொல்லலாம். நான் எழுத வேண்டியது சின்ன விஷயம்தான். குப்பையில் இருப்பதை எல்லாம் பட்டியல் கேள். அதில் ஆடியோ எது என்று பார். அந்தத் திங்கட்கிழமை நீக்கப்பட்டதா என்று பார். ஆம் என்றால் மீட்டுவிடு. மீட்டதைக் குறித்து வைத்துக்கொள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். சொல்ல எளிது. ஆனால் அதுவரை நான் எக்செல்லைத் தாண்டிப் போனதில்லை. என் சொந்தக் கணக்கில் கல்யாண வீட்டு ஆடியோ கொஞ்சத்தை வேண்டுமென்றே நீக்கி நீக்கி மீட்டுப் பார்த்தேன். மத்தியானம் வரை திட்டு வாங்கினேன், கம்ப்யூட்டரிடம்தான். பொழுது சாய்வதற்குள் வேலை செய்தது.

இனி மன்றக் கணக்குக்குள் நுழைய வேண்டும். அதற்கு ஓடிபி வரும். அது செயலாளரின் போனுக்கு மட்டும்தான் வரும்.

ஞாயிறு காலை அவர் வீட்டுக்குப் போனேன். ராஜிந்தர் நகரிலிருந்து மெட்ரோ பிடித்து, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு அவளும் தனியாக வந்து சேர்ந்திருந்தாள். ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்றதற்கு, உங்கள் லேப்டாப்பை மட்டும் பத்திரமாகக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டாள்.

செயலாளர் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததற்கும் காரணம் இருந்தது. இரண்டு நாளாக அவர் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார், கண் எல்லாம் சிவந்திருந்தது. "தேக்கோ, பாரும்மா, நீ ஏதோ கோட் போடுவே. அதுல ஒரு எழுத்துத் தப்பாகி மொத்தமும் அழிஞ்சா யார் பொறுப்பு? தலைவருக்கு மெயில் போட்டிருக்கேன். பதில் வரட்டும்" என்றார். தலைவர் கனடாவில் எங்கோ மலைப் பக்கம் சுற்றுலா போயிருக்கிறார், மெயில் பார்க்க நாளாகும் என்று அவருக்கும் தெரியும். நாளாகும் என்பதுதான் இங்கே பிரச்சினையே என்று சொல்லிப் பார்த்தேன். முறை என்று ஒன்று இருக்கிறது என்றார்.

என் பிடிவாதம் எங்கள் வீட்டில் பிரசித்தம். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். "சரி சார். பதில் வர்ற வரைக்கும் நாங்க இங்கனயே இருக்கோம்" என்றேன். அவளும் கோலை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். செயலாளர் எங்களைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். டி.வி.யைப் போட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது. மின்விசிறி சுற்றச் சுற்றப் புழுக்கம்தான் ஏறியது.

மாமி காபி கொண்டுவந்து வைத்தார். இரண்டு நாளாக வீட்டில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர். டம்ளரை அவள் கையைத் தொட்டுக் கொடுத்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"நானும் ஒன்றரை வருஷமா தினம் மத்தியானம் உக்காந்து படிச்சேன். அதையும் சேர்த்துத்தானே கழிச்சேள்?"

மாமி குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பொண்ணு திருப்பி அனுப்பினா நான் மறுபடி படிப்பேன். பத்துத் தடவை வேணும்னாலும் படிப்பேன். கனடாவுல இருக்கறவர் வந்தா படிக்கப் போறார்? அந்த நம்பரைச் சொல்லுங்கோ."

அவர் டி.வி.யை அணைத்தார். போனை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஓடிபி வந்ததும் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்துச் சொன்னார்.

முதலில் ஒரு பத்து பைல் மட்டும் சோதனைக்கு. ஓட விட்டேன். எல்லாம் மீட்டாயிற்று என்று புரோகிராம் சொன்னது. டிரைவைத் திறந்து பார்த்தால் எங்கும் இல்லை. மறுபடி பார்த்தேன். தேடிப் பார்த்தேன். இல்லை. குப்பையிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. செயலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். கை வைத்து இருப்பதையும் கெடுக்காதே என்று அந்த ஐ.டி. ஆள் சிரித்தது காதுக்குள் கேட்டது. அப்போது எனக்கு வந்த கோபம் அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

"என்னக்கா ஆச்சு?" என்றாள். பத்து பைலைத் தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது என்றேன். "எது எதுன்னு குறிச்சு வச்சிருக்கீங்கள்ல? அப்பறம் என்ன, தேடுங்க" என்றாள். ஆறுதல் சொல்லும் வழக்கமே அவளுக்குக் கிடையாது. அந்த நேரம் எனக்கு வேண்டியதும் ஆறுதல் இல்லை.

அந்தப் பைல் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று டிரைவையே கேட்டேன். அது சொன்ன ஃபோல்டர் குப்பையில் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. செயலாளர் பைல்களை நீக்கிவிட்டுக் காலி ஃபோல்டர்களையும் நீக்கியிருந்தார் அல்லவா? நான் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டேன், அவர்கள் போய்ச் சேர வீடு இல்லை. முதலில் ஃபோல்டர்களை மீட்டுவிட்டுப் பிறகு பைல்களை மீட்க வேண்டும். கோட்டில் நாலு வரி மேலே கீழே மாற்றினேன். ஃபோல்டர்கள் திரும்பி வந்தன. திறந்தால், தொலைந்ததாக நான் நினைத்த பத்தும் உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் பால்கனியில் வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

பிறகு மொத்தமாக ஓட விட்டேன். கொஞ்ச நேரம் ஜோராக ஓடியது. திடீரென்று நின்றது. இவ்வளவு அவசரமாகக் கேட்காதே என்று டிரைவ் கதவைச் சாத்திவிட்டது. செயலாளர் பெருமூச்சு விட்டு, அவ்வளவுதானா என்றார். இல்லை சார், கொஞ்சம் மரியாதையாகக் கேட்க வேண்டுமாம் என்று சொல்லி, ஒவ்வொரு பைலுக்கும் நடுவில் சற்றுப் பொறுக்கும்படி மாற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். இம்முறை அது நிதானமாக, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று சொல்லிக்கொண்டே போனது. மாமி சாப்பாடு போட்டார். சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே நாங்கள் மூன்று பேரும் அந்தத் திரையைக் கிரிக்கெட் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு நான் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் நான் நிறுத்தியதும் செயலாளர் எடுத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது புரோகிராம் தானாக நின்றது. மீட்க இனி எதுவும் இல்லை என்று அர்த்தம். அவள் தன் போனில் ஃபோல்டரைத் திறந்து, கைக்கு வந்த ஒன்றைத் தட்டினாள். இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டுப் பழகியவள். கீச்கீச்சென்று ஏதோ ஓடியது. இது என்ன பாஷை என்று செயலாளர் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தாள். மாமியின் குரல். ஒரு பாட்டின் உரையைப் பதம் பதமாக நிறுத்தி, அவசரமில்லாமல், கணீரென்று படித்துக்கொண்டிருந்தார். செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைக் கடைசிவரை கேட்டார். தினமும் மத்தியானம் அவர் மன்ற வேலையாக வெளியே போயிருப்பார், அதே வீட்டில் வாழ்ந்தும் ஒருநாளும் இதைக் கேட்டதில்லையாம். மாமி எங்களுக்குக் காபி போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மட்டும், "மாமி, இதுல ஒரு வரியை முழுங்கிட்டீங்க" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கினேன். என் காசு போட்டுத்தான் வாங்கினேன். யார் ஒப்புதலும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மன்றக் கூட்டம். கனடாவிலிருந்து தலைவர் வந்துவிட்டார். நடந்ததை நடவடிக்கைக் குறிப்பில் எழுதும்போது, தொழில்நுட்பக் கோளாறால் காணாமல் போன பதிவுகள் மன்றத்தின் முயற்சியால் மீட்கப்பட்டன என்று ஒருவர் வாசித்தார். நான் எழுந்துவிட்டேன். கோளாறு எதுவும் இல்லை, டிரைவ் சொன்னதைச் செய்தது, நடந்தது நடந்தபடி எழுதுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் இதையே செய்வார் என்றேன். பெரியவர்கள் இருக்கும் சபையில் சின்னப் பெண் இப்படிப் பேசலாமா என்று முணுமுணுப்பு எழுந்தது. பேசலாம் என்றேன். அப்போது செயலாளரே கையைக் காட்டி எல்லோரையும் அமர்த்தினார்.

"எழுதுங்கோ. நான்தான் கழிச்சேன். யார் உபயோகிக்கறான்னு கேக்காம கழிச்சேன். அதையும் சேர்த்து எழுதுங்கோ."

இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. அடுத்த வாரமே அவர் தானும் படிக்கிறேன் என்று பதிவு செய்து அனுப்பினார். ஆபீஸ் உத்தரவு வாசிப்பது மாதிரி இருக்கிறது என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். மறுபடி படித்தார்.

செப்டம்பரில் அவள் முதன்மைத் தேர்வு எழுதினாள். தேறினாள். நேர்முகத் தேர்வு வரை போனாள். கடைசிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

இது வெற்றிக் கதை என்று நினைத்துப் படித்துக்கொண்டு வந்தவர்கள் மன்னிக்கவும். பட்டியல் வந்த அன்று அவளே போன் செய்து, "பேரு இல்லக்கா" என்றாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். ஊர்க்காரர்கள் அதற்குள் ஆறுதல் சொல்லி முடித்திருந்தார்கள் போல. அவ்வளவு தூரம் போனதே பெரிது, நம்மால் முடிந்தது அவ்வளவுதான், இனி வந்து வேறு வேலை பார் என்று.

"எனக்கு எது எவ்வளவுதான்னு அவுகளே சொல்லி முடிச்சிட்டாக. நீங்களும் ஆரம்பிச்சிராதீங்க" என்றாள். "அப்பாகிட்டப் பேசிட்டேன், ஊருக்கு வரலேன்னு. அந்தப் பதிவெல்லாம் அப்படியே இருக்குல்ல? நாளைக்குக் காலைல இருந்து மறுபடி கேக்க ஆரம்பிக்கேன்."

மறுநாள் காலையில் ஆரம்பித்தாள். அடுத்த முறை முதல்நிலையில் விழுந்தாள். அதற்கடுத்த முறை எல்லாவற்றையும் தாண்டிப் பட்டியலில் வந்தாள். இப்போது வேறொரு மாநிலத்தில், மத்திய அரசுப் பணி ஒன்றில் அதிகாரியாக இருக்கிறாள். அவளிடம் வரும் கோப்பை அலட்சியமாக மூடிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது என்று அவளுடன் வேலை பார்ப்பவர் ஒருவர் என்னிடம் புலம்பினார். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

என் அலுவலகத்தில் இப்போதும் என் புரோகிராமுக்கு வீட்டுச் சமையல் என்றுதான் பெயர். சொல்லிக்கொள்ளட்டும். யாராவது எதையாவது காட்டி, அது முடிந்துபோன விஷயம், விட்டுவிடு என்று சொன்னால், நிஜமாகவே முடிந்துவிட்டதா, இல்லை தேடிப் பார்க்க அலுத்துப்போய் இவர்களே முடித்து வைக்கிறார்களா என்று என் கையால் திறந்து பார்க்காமல் நான் இன்றுவரை தலையாட்டியதில்லை.